பீட்டர் விழுங்கிய பெயர்ச்சொற்கள்

ஏழாம் தரத்தில் ஒரு பிள்ளை. வாசித்து விளங்கிக்கொள்ளக் கொடுக்கிற கிரகித்தல் பந்திக்குக் கீழே இருந்த ஐந்து கேள்விக்கும் விடை எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். ஐந்தும் சரி, ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. சரி போட்டுக் கொடுத்துவிட்டு, கொப்பியை மூடச் சொல்லி, "இந்தப் பந்தி எதப் பத்தினது, உன் வாயால சொல்லு பாப்போம்" என்றேன். பிள்ளை நிலத்தைப் பார்த்தாள். தேனீ வளர்ப்பைப் பற்றிய பந்தி அது. தேனீ என்ற சொல்கூட அவள் வாயில் வரவில்லை.

அன்று பாடசாலை விட்டு வீட்டுக்கு நடக்கும்போதெல்லாம் அதே யோசனை. அடுத்த நாள் கரும்பலகையில் இரண்டு வசனம் எழுதினேன், முக்கியமான சொற்களெல்லாம் நானே கட்டியவை, எந்த அர்த்தமும் கிடையாது. "நேற்று ஒரு மிலுக்கு தொரணியில் ஏறி லப்பியது. அதைக் கண்ட வட்டுகன் மொட்டலித்தான்." கீழே கேள்விகள்: மிலுக்கு எங்கே ஏறி லப்பியது? அதைக் கண்டவன் யார்? அவன் என்ன செய்தான்? வகுப்பில் 31 பேர், அத்தனை பேரும் மூன்றுக்கும் விடை எழுதிவிட்டார்கள். "அப்போ மிலுக்குனா என்ன?" என்று கேட்டதும் வகுப்பு அமைதியாகி, அப்புறம் ஒரே சிரிப்பு.

ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்றும் அதே பாடவேளையில் நடந்தது. வட்டுகன் ஆணா பெண்ணா என்று கேட்டேன். "ஆம்பிள டீச்சர்." எப்படித் தெரியும்? "மொட்டலித்தான்னு போட்டிருக்கே." மிலுக்கு மனுசரா? "இல்ல, லப்பியது." எத்தனை மிலுக்கு? "ஒண்ணு." திணை, பால், எண் எல்லாம் அவர்களுக்கு ஏற்கனவே தெரியும். காதிலும் நாக்கிலும் இருக்கிறது, பெயர் தெரியாது, அவ்வளவுதான். அர்த்தம்தான் கையில் இல்லை. நானோ அதுவரை ஒரு நாள் கிரகித்தல், இன்னொரு நாள் இலக்கணம் என்று இரண்டையும் வேறு வேறு அறையில் பூட்டி வைத்திருந்தேன்.

பாடசாலை இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கம். பிள்ளைகள் பெரும்பாலும் லயத்திலிருந்து, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து வருகிறவர்கள், சிலர் மூன்று கிலோமீட்டர் நடந்து. வீட்டில் புத்தகம் என்றால் பாடநூல்தான். கிரகித்தல் பந்தி என்று நாங்கள் கொடுப்பது இன்றைக்குத் தேனீ, அடுத்த கிழமை கிணறு, அதற்கடுத்த கிழமை யாரோ ஒரு பெரியவரின் வாழ்க்கை. முன்பின் தெரியாத வீட்டுக்குள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், உட்காரக்கூட விடாமல், "சுவரில் என்ன தொங்குது சொல்லு" என்று கேட்பது போன்றது இது. ஒரே வீட்டில் கொஞ்ச நாள் தங்கினால்தானே அந்த வீட்டு ஆட்கள் ஏன் அப்படிப் பேசுகிறார்கள், ஏன் பேசாமல் இருக்கிறார்கள் என்று புரியும். அதனால் ஒரு முழுக் கதையை எடுத்து வருடம் முழுக்க அதிலேயே இருப்பது என்று முடிவு செய்தேன். வாரத்தில் இரண்டு பாடவேளை, மிச்சம் வழமையான பாடநூல்.

எடுத்தது 'ஹைடி'. சுவிட்சர்லாந்து எழுத்தாளர் யொஹானா ஸ்பைரி ஜெர்மன் மொழியில் எழுதியது, முதல் பாகம் 1880இல் வந்தது, இரண்டாம் பாகம் 1881இல். நம் எழுத்தாளர்களின் சிறுவர் கதை ஏதும் கிடைக்கவில்லையா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான், அடுத்த வருடத்துக்கு அதைத்தான் யோசித்து வைத்திருக்கிறேன். ஆனால் ஹைடியை விட முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது: இது வாசிப்பைப் பற்றியே பேசுகிற கதை. மலையில் தாத்தாவோடு வளர்கிற சிறுமி, வாசிக்கத் தெரியாது. ஆடு மேய்க்கிற பீட்டர், "வாசிக்கவெல்லாம் படிக்கவே முடியாது" என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறான், அவளும் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள். பிறகு பிராங்பேர்ட் பட்டணத்தில், நடக்க முடியாத கிளாரா என்ற பிள்ளைக்குத் துணையாக அவளை அனுப்புகிறார்கள். அந்தப் பட்டணத்து வீட்டில் வாத்தியார் தலைகீழாக நின்றும் அவளுக்கு எழுத்து ஏறாதது அதனால்தான். கிளாராவின் பாட்டிதான் விசயத்தைக் கண்டுபிடித்து, பீட்டர் சொன்னதை விட்டுவிடு, நான் சொல்வதை நம்பு என்கிறார். இரண்டாம் பாகத்தின் ஜெர்மன் தலைப்பே, ஹைடிக்குத் தான் கற்றது உதவுகிறது என்ற அர்த்தத்தில்தான் இருக்கிறது. "எனக்கு இதெல்லாம் வராது டீச்சர்" என்று சொல்கிற பிள்ளைகள் என் வகுப்பில் ஆறேழு பேர். அவர்களுக்கு இந்த இடம் தேவைப்பட்டது.

இன்னொன்று, அந்த மலை. வீட்டுக்குப் பின்னால் மூன்று பெரிய மரங்கள், காற்றடித்தால் அவை போடும் இரைச்சல், கீழே ஊர், மேலே தனியாக ஒரு குடிசை. இதை எங்கள் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து விளக்க வேண்டியதில்லை, ஜன்னலைத் திறந்து யூக்கலிப்டஸ் மரங்களைக் காட்டினால் போதும்.

மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஆங்கிலச் சுருக்கப் பதிப்பை வைத்து நானே தமிழில் எழுதினேன். ராத்திரி ஒரு மணித்தியாலம், வார இறுதியில் கொஞ்சம். 32 துண்டாகப் பிரித்தேன், ஒவ்வொன்றும் ஒரு தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். நானே எழுதியதில் பெரிய நன்மை, வசனத்தை என் தேவைக்கேற்பக் கட்டலாம். ஆரம்பத் துண்டுகளில் குட்டி வசனம், போகப் போக எச்சம் எச்சமாகத் தொடுத்த நீள வசனம். இது 2022. கடதாசி விலை எங்கேயோ போயிருந்த நேரம், போட்டோ கொப்பி எடுப்பது நினைத்தும் பார்க்க முடியாது. பழைய சுவர்க் காலண்டர் தாள்களைத் தோட்டத்து வீடுகளிலிருந்து பிள்ளைகளே கொண்டுவந்தார்கள், பின்பக்கம் பளிச்சென்று வெள்ளை. நாலு பேருக்கு ஒரு தாள் என்று எட்டு பிரதி, அதில் மூன்றை எழுத்து அழகான பிள்ளைகளே எழுதினார்கள். அந்த மூவரின் ஒற்றுப் பிழை அந்த வேலையிலேயே பாதி போய்விட்டது, பார்த்து எழுதுவதற்கு அவ்வளவு பலன் இருக்கிறது.

பெயர்களை என்ன செய்வது என்று பிள்ளைகளிடமே கேட்டேன். ஹைடி, பீட்டர், கிளாரா அப்படியே இருக்கட்டும் என்றார்கள். ஊரார் பயப்படுகிற அந்தக் கிழவருக்கு 'மேட்டு லயத்துத் தாத்தா' என்று பெயர் வைத்தார்கள். ஹைடியைப் பட்டணத்துக்குக் கூட்டிப் போகிற டேட்டே என்ற பெண்ணிடம்தான் மாட்டிக்கொண்டோம். ஆங்கிலத்தில் ஆன்ட்டி என்று இருக்கும், தமிழில் அப்படி எழுத முடியுமா? அத்தையா, சித்தியா, பெரியம்மாவா? ஹைடியின் அம்மாவோடு கூடப் பிறந்தவள் என்று கதையில் வருகிறது, ஆகவே அத்தை இல்லை. அக்காவா தங்கையா என்று என் கையிலிருந்த பதிப்பில் இல்லை. "சின்ன வயசு மாதிரி இருக்கு, இன்னும் கல்யாணம் கட்டல, வேல தேடி அலையுறாங்க, சித்திதான்" என்று ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஒரு உறவுப் பெயருக்காகப் பிள்ளைகள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஆதாரம் தேடினார்கள். கிரகித்தல் என்று நான் தேடிக்கொண்டிருந்தது அதுதான், கேள்வித்தாள் இல்லாமலே நடந்தது.

முதல் தவணையில் பெரிய பிழை ஒன்று செய்தேன். இதைச் செய்ய நினைக்கிறவர்கள் இதையாவது தவிர்த்துக்கொள்ளுங்கள். கதை ஓடும்போதே நிறுத்தி நிறுத்தி இலக்கணம் கேட்டேன். ஒரு வசனம் வாசித்தால் "இதில் எழுவாய் எது?", அடுத்த வசனத்தில் "இது என்ன வேற்றுமை?". மூன்றாவது வாரம் பிள்ளைகள் தாளைக் கண்டாலே முகத்தைச் சுளித்தார்கள். ஆடொன்று பாறை விளிம்பில் நிற்கிறது, விழப் போகிறது, பீட்டர் ஓடுகிறான், நான் அங்கே நிறுத்தி 'விளிம்பில்' என்பதன் உருபைக் கேட்கிறேன். பின் வாங்கில் (பெஞ்சில்) ஒரு பையன் எழுந்து, "டீச்சர், ஆட்டுக்கு என்னாச்சுனு சொல்லிட்டு அப்புறம் கேளுங்க" என்றான். அவன் சொன்னதுதான் சரி.

அதிலிருந்து திங்கட்கிழமை கதை, வியாழக்கிழமை இலக்கணம். திங்கட்கிழமை நான் ஒரு தடவை நிறுத்தாமல் வாசிப்பேன், கேள்வியே கிடையாது. அப்புறம் நாலு நாலு பேராகத் தாளை வைத்துக்கொண்டு மாறி மாறி வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் நடந்ததைத் தன் வீட்டுத் தமிழில் சொல்ல வேண்டும். "அவ என்னா பண்ணுனா, சட்டய எல்லாம் ஒண்ணொண்ணா கழட்டிப் போட்டுட்டு ஆட்டோட ஓடுனா." வீட்டுத் தமிழில் சொல்லவிடுவது முக்கியம். எழுத்துத் தமிழில் சொல்லச் சொன்னால் தாளில் இருக்கிற வரியையே ஒப்பிப்பார்கள், புரிந்ததா இல்லையா என்று நமக்கு ஒன்றும் தெரியாது. வியாழக்கிழமை அதே தாள், ஏற்கனவே தெரிந்த கதை, இப்போது வசனத்தைப் பிரித்து மேயலாம், யாருக்கும் கோபம் வராது.

அப்படிப் பிரித்தபோதுதான் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று தெரிந்தது. இந்த வசனத்தைப் பாருங்கள்: "தாத்தா செய்து கொடுத்த உயரமான முக்காலியில் உட்கார்ந்து ஹைடி ஆட்டுப்பால் குடித்தாள்." முக்காலி செய்தது யார் என்று கேட்டேன். பாதிக்கு மேல் 'ஹைடி' என்று எழுதியிருந்தார்கள். திங்கட்கிழமை கதையைச் சரியாகச் சொன்ன பிள்ளைகள்! வசனத்தின் கடைசியில் நிற்கிற ஆளையே எல்லா வேலைக்கும் சொந்தக்காரியாக்கிவிடுகிறார்கள். பாடநூல் பந்திகளில் அவர்களுக்குப் புரியாமல் போனதில் பெரும்பகுதி இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். சொல் கடினம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், சிக்கல் பெயரெச்சத்தில் இருக்கிறது.

பிஸ்கட் பெட்டி அட்டையைக் கீற்றுக் கீற்றாக வெட்டி நாலு வசனமாக எழுதினோம். தாத்தா முக்காலி செய்தார். தாத்தா அதைக் கொடுத்தார். ஹைடி அதில் உட்கார்ந்தாள். ஹைடி ஆட்டுப்பால் குடித்தாள். பிறகு நாலையும் ஒன்றாகச் சேர்க்கச் சொன்னேன். சேர்க்கும்போது 'கொடுத்தார்' என்பதிலிருந்து 'ஆர்' போய் 'கொடுத்த' ஆகிறது, 'உட்கார்ந்தாள்' வால் இழந்து 'உட்கார்ந்து' ஆகிறது. எச்சம் என்றால் மிச்சம், வேலை முடியவில்லை. எந்த எச்சம் என்று கண்டுபிடிக்க எங்கள் வகுப்பில் ஒரு வழி வைத்திருக்கிறோம்: சொல்லைச் சத்தமாகச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். 'கொடுத்த…' என்று நிறுத்தினால் கேட்கிறவருக்கு "எது?" என்று கேட்கத் தோன்றும், அது பெயரெச்சம். 'உட்கார்ந்து…' என்று நிறுத்தினால் "அப்புறம்?" என்று கேட்கத் தோன்றும், அது வினையெச்சம். 'குடித்தாள்' என்று நிறுத்தினால் ஒன்றும் கேட்கத் தோன்றாது, அது முற்று. இதை ஒரு பிள்ளைக்கு ஒரு தடவை சொன்னால் போதும். பிரிக்கவும் வேண்டும், சேர்க்கவும் வேண்டும், இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பலன் பாதிதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இரண்டாம் பாகத்தில் வருகிறது. ஹைடி பீட்டருக்கு ஒருவழியாக வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறாள். கண் தெரியாத தன் பாட்டிக்கு அவன் தினமும் ஒரு பக்திப் பாட்டு வாசிக்க வேண்டும். நீளமான சொல், கடினமான சொல் வந்தால் சத்தமில்லாமல் தாண்டிவிடுவான், இத்தனை சொல் இருக்கிற இடத்தில் மூன்று நாலு போனால் பாட்டிக்கு என்ன தெரியப் போகிறது என்று. கடைசியில் அவன் வாசிக்கிற பாட்டில் பெயர்ச்சொற்களே அநேகமாக மிஞ்சவில்லை என்று எழுதியிருக்கிறார் ஸ்பைரி. 140 வருடத்துக்கு முன் எழுதிய வரி, என் வகுப்பு பின் வாங்கைப் பார்த்து எழுதியது போல இருந்தது.

அந்த வியாழன் வகுப்பில் ஏற்கனவே வாசிக்காத ஒரு துண்டை எடுத்துப் பெயர்ச்சொல்லையெல்லாம் விழுங்கி வாசித்தேன். "ஏறினாள். கொடுத்தார். துள்ளின. பார்த்து அழுதாள்." என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால் சொல்கிறார்கள்: ஒரு பொம்பளப் புள்ள, மரியாதையான ஒருத்தர், நிறைய மிருகங்கள். அடுத்து அதே துண்டை வினைச்சொல் இல்லாமல் வாசித்தேன். "ஹைடி, படி, காவல்காரர், கூடை, பூனைக்குட்டிகள்." இப்போது என்ன விசயம் என்று மணக்கிறது, யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை, ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். பெயர்ச்சொல் என்றால் பெயரைக் குறிப்பது, வினைச்சொல் என்றால் தொழிலைக் குறிப்பது என்று வரைவிலக்கணம் எழுதி மனப்பாடம் செய்த பிள்ளைகள், இரண்டும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு யாராவது வாசிக்கும்போது ஒரு சொல்லைத் தாண்டினால் "பீட்டர் வந்துட்டான்" என்று வகுப்பு சொல்ல ஆரம்பித்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு அதை மாற்றினேன், ஏனென்றால் தடுமாறுகிற பிள்ளையை அது இன்னும் வாயடைக்க வைத்துவிடும். தாண்டுகிற பிள்ளையே அந்தச் சொல்லைப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் பேசக்கூடாது, கடைசியில் வட்டம் போட்ட சொற்களை எல்லாரும் சேர்ந்து அசை அசையாகப் பிரித்து வாசிப்போம். வட்டம் போட யாரும் வெட்கப்படவில்லை.

திணை பற்றி ஒன்று. தாத்தாவிடம் இரண்டு ஆடுகள், வெள்ளை ஒன்று, பழுப்பு ஒன்று. நாங்கள் குட்டி அன்னம், குட்டிக் கரடி என்று எழுதிக்கொண்டோம், மூலத்திலும் அந்த அர்த்தம்தான். 'ஆடுங்க வந்துச்சு' என்று பேசுகிற பிள்ளைகளுக்கு 'ஆடுகள் வந்தன' என்று எழுதப் பழக்க, இந்தக் கதையை விட நல்ல இடம் கிடையாது, பக்கத்துக்குப் பக்கம் ஆடு மேய்கிறது, துள்ளுகிறது, ஓடுகிறது. அந்தப் பயிற்சியில் ஒருவன் 'குட்டி அன்னம் வந்தாள்' என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனையை வைக்கப் போனேன். "எங்க பசு லெட்சுமி டீச்சர், லெட்சுமி வந்துட்டா, லெட்சுமிக்கு தண்ணி வைனுதான் அம்மா சொல்லும்" என்றான். பேனையை மூடி வைத்துவிட்டேன். நன்னூல் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது: உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல் (கோபம்), இழிப்பு என்று ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மாறி வரலாம். பசுவைப் பார்த்து அன்பினால் 'என் அம்மை வந்தாள்' என்று சொல்வதைத்தான் உரைகாரர்கள் உதாரணமாகக் காட்டுவார்கள். இதைப் பெரிய வகுப்புக்குரிய விசயம் என்று ஒதுக்கி வைக்காமல் அப்போதே சொன்னேன். பரீட்சையில் 'ஆடு வந்தது' என்று எழுது, ஹைடி தன் ஆட்டைப் பற்றிச் சொல்வதாக எழுதினால் 'வந்தாள்' என்று எழுது, ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். அந்தப் பையன் இலக்கணப் பாடத்தில் வாய் திறந்தது அன்றுதான் முதல் தடவை.

ஒற்றுப் பிழைக்குப் பணிஸ் (பன்) உதவியது. பிராங்பேர்ட்டில் ஹைடிக்குச் சாப்பாட்டு மேசையில் தினமும் வெள்ளைப் பணிஸ் கிடைக்கிறது. அவள் அதைத் தின்னாமல் அலுமாரிக்குள் ஒளித்துச் சேர்க்கிறாள், மலையில் பீட்டரின் பாட்டிக்குக் கறுப்புப் பாணைக் கடிக்கப் பல்லில்லை என்பதால். பணிஸைச் சேர்த்தாள், பாட்டிக்குச் சேர்த்தாள், அலுமாரியைத் திறந்தார், பாட்டிக்குக் கொடுத்தாள். 'ஐ'யும் 'கு'வும் வந்து, அடுத்த சொல் க, ச, த, ப என்று தொடங்கினால் ஒற்று மிகும், அவ்வளவுதான் அந்தக் கிழமைப் பாடம். மிகும் இடம் மிகா இடம் என்று முழு அட்டவணையையும் ஒரே நாளில் கொட்டக் கூடாது. இந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டால் பிள்ளையின் கட்டுரையில் வருகிற ஒற்றுப் பிழைகளில் நிறைய குறைந்துவிடும், மற்றவை மெதுவாக வரட்டும். நேர்கூற்று, அயற்கூற்றுக்கு டேட்டே சித்தியும் தாத்தாவும் போட்ட சண்டையை நடிக்க வைத்து எழுதச் சொன்னேன், அது சுலபமாகவே போனது.

இனி அந்தப் பேய்க் கதை. ஹைடி இருக்கிற பட்டணத்து வீட்டில் தினமும் காலையில் வாசல் கதவு திறந்து கிடக்கிறது. பூட்டிவிட்டுத்தான் படுக்கிறார்கள், களவும் போகவில்லை. வேலைக்காரர்கள் காவல் இருந்து, வெள்ளையாக ஏதோ நிற்பதைக் கண்டு நடுங்கிப் போகிறார்கள். நான் அந்த இடத்தோடு வாசிப்பை நிறுத்தி, யார் அது, தாளில் ஆதாரம் காட்டு என்றேன். பேய் என்றார்கள் பலர். முனி என்றான் ஒருவன். கிளாராவே இரவில் எழும்பி நடக்கிறாள் என்று ஒரு குழு வாதாடியது, நல்ல ஊகம். முன் வரிசையில் ஒரு பிள்ளை, அதிகம் பேசாது. மெல்ல எழுந்து, "ஹைடிதான் டீச்சர்" என்றாள். எப்படி? முந்திய மூன்று தாள்களை எடுத்து விரல் வைத்துக் காட்டினாள். ஹைடி சாப்பிடவில்லை என்று இங்கே இருக்கிறது. ஊருக்குப் போக ஆசை என்று சொன்னால் நன்றி கெட்டவள் என்று நினைப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை, இங்கே. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டு மலை மரம் இரைகிறது என்று நினைத்துக் கீழே ஓடியது, இங்கே. "கதவத் தொறந்தா வீடு இருக்கும்னு நெனச்சி தூக்கத்துல போறா." பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள், "அம்மா குவைத்துக்குப் போனப்ப எங்க தம்பியும் அப்படித்தான் எழும்பிப் போயி கதவாண்ட நிப்பான்."

நான் உடனே எதுவும் கேட்கவில்லை. வகுப்பும் சும்மா இருந்தது. அடுத்த தாளை எடுத்து மிச்சத்தை வாசித்தேன், டாக்டர் வந்து ஹைடியைப் பார்த்து, இவளை ஊருக்கு அனுப்புங்கள் என்று சொல்லும் வரைக்கும்.

வரிகளுக்கு நடுவில் வாசிப்பது என்பதை வேறு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியாது. ஒரு பக்கப் பந்தியில் இது நடக்காது. முந்திய தாள்களில் சிதறிக் கிடக்கிற மூன்று செய்தியைச் சேர்த்துத்தான் அந்தப் பிள்ளை விடையைக் கண்டுபிடித்தாள், அதற்கு முந்திய தாள்கள் இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: அம்மா வெளிநாட்டில் இருக்கிற, கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன அக்கா இருக்கிற பிள்ளைகள் நம் வகுப்புகளில் நிறையப் பேர். கதை அந்த இடத்தைத் தொடும். "உன் அனுபவத்தை எழுது" என்று நாமாகப் போய்க் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். கிளாரா எழுந்து நடக்கிற இடத்திலும் கவனம் வேண்டும். மலைக்காற்றும் ஆட்டுப்பாலும் பட்டால் எல்லாருக்கும் கால் வந்துவிடும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் பாடசாலையிலேயே ஊன்றுகோலோடு வருகிற பிள்ளை இருக்கிறாள், அதனால் அந்தத் தாளை வாசிக்கும் முன்பே அதைப் பற்றிப் பேசினோம்.

சத்தமாக வாசிக்கிற பயிற்சிதான் கடைசிவரை சிரமமாக இருந்தது. வகுப்பில் 40 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிய விசயம். கதையில் ஹைடியும் பீட்டரின் பாட்டிக்கு வாசித்துக் காட்டுவாள், அதையே எடுத்துக்கொண்டேன். வாரம் ஒரு தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், வீட்டில் வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு, அல்லது கண் சரியாகத் தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஆள் இல்லை என்றால் பக்கத்துக் காம்பராவுக்குப் போகலாம். கேட்டவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அந்தக் கேள்வியைப் பிள்ளை கொப்பியில் எழுதிக்கொண்டு வர வேண்டும். எட்டே பிரதி என்பதால் முறை வைத்து எடுத்துப் போனார்கள். தாள் மழையில் நனையாமல் இருக்க உரப்பையில் சுற்றிக் கொடுத்தேன்.

வந்த கேள்விகளைப் பார்த்தபோது, நான் எழுதிக்கொண்டிருந்த கேள்விகளை நினைத்துக் கவலையாக இருந்தது. "அந்தக் கெழவன் ஊரோட ஏன் கோவிச்சிக்கிட்டு மேல போய் ஒக்காந்தாரு?" என்று ஒரு தாத்தா. "அந்தச் சித்திக்காரி காசு வாங்கிக்கிட்டா கூட்டிட்டுப் போனா?" என்று ஒரு அம்மாயி. இவையெல்லாம் தாளில் நேராக விடை இல்லாத, ஆனால் தாளை நன்றாக வாசித்தால் பதில் சொல்லக்கூடிய கேள்விகள். அவற்றையே வியாழக்கிழமைக் கேள்விகளாக வைத்துக்கொண்டேன். பிள்ளைக்கும் அது பரீட்சைக் கேள்வி இல்லை, அம்மாயிக்குப் பதில் கொண்டுபோக வேண்டிய கேள்வி. விடை ஒரு சொல்லில் நிற்காமல் நாலு வசனமாக நீண்டது. மூன்றாம் தவணை நடுவில், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா என்னை மறித்து, தன் பேத்தி இரண்டு கிழமையாகத் தாள் கொண்டு வரவில்லை, கதையில் வருகிற அந்தப் பிள்ளை ஊருக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்டார். பேத்திக்குக் காய்ச்சல், பாடசாலைக்கு வரவில்லை. நானே அவர்கள் லயத்துக்குத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காய்ச்சலோடு அந்தப் பிள்ளை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து வாசித்தாள், ஹைடி மலையேறி வந்து, கிளாரா கொடுத்து அனுப்பிய பணிஸ் கூடையோடு பாட்டியின் கதவைத் திறக்கிற இடம். நான் பிளேன்டி குடித்துக்கொண்டு கேட்டேன். 'பாட்டிக்குக் கொண்டுவந்த' என்ற இடத்தில் நிறுத்தாமல், சரியாக 'பணிஸ்' என்ற சொல்லோடு சேர்த்து வாசித்தாள்.

பாடத்திட்டம் முடிந்ததா என்று கேட்பீர்கள். முடிந்தது, ஏனென்றால் எச்சம், வேற்றுமை, ஒற்று, கூற்று எல்லாம் எப்படியும் அந்த வருடம் படிப்பிக்க வேண்டியவைதான். தவணைப் பரீட்சையில் புள்ளிகள் எல்லாருக்கும் ஏறிவிட்டன என்று சொல்ல மாட்டேன். கிரகித்தலில் 'உமது சொந்த வசனத்தில் எழுதுக' என்ற கேள்வியை முன்பெல்லாம் பாதிப் பேர் வெறுமையாக விட்டிருப்பார்கள், அந்த வருடக் கடைசியில் மூன்று பேர்தான் விட்டிருந்தார்கள். தேனீப் பந்தியை எழுதிய பிள்ளை அந்த மூவரில் இல்லை.

வகுப்பில் ஐந்து பையன்கள் இன்னும் எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். அவர்கள் இப்போது எட்டாம் தரம். கிழமையில் மூன்று நாள் இடைவேளையில் வருகிறார்கள், முதல் தாளிலிருந்து திரும்பத் தொடங்கியிருக்கிறோம். காலண்டர் தாள் மடிப்பில் கிழிந்துவிட்டதால் அவர்களே புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள், இன்றைக்கு எட்டாவது வரி வரை வந்திருக்கிறது.